கல்லில் எழுதிய ஆண்டறிக்கை: குறண்டித் திருக்காட்டாம்பள்ளியும் மதுரை மலைகளும்

பருவம் முடியும் நாளில் ஆண்டறிக்கை படிப்பது பள்ளிகளின் வழக்கம். எத்தனை மாணவர் தேர்ச்சி பெற்றனர், எவர் முதலிடம் பிடித்தனர், எந்த விளையாட்டில் கோப்பை கிடைத்தது, ஊர்நலப் பணியாக என்ன செய்யப்பட்டது என்று தலைமையாசிரியர் வரிசையாகக் கூறுவார். தம் பிள்ளையின் பெயர் வரும்வரை பெற்றோர் செவிசாய்த்திருப்பர். அடுத்த ஆண்டு வருவதற்குள் அவ்வறிக்கை மறந்துபோகும். பாண்டிய நாட்டில் ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் இயங்கிய ஒரு சமணப் பள்ளியின் அறிக்கையோ இன்றும் மதுரையைச் சூழ்ந்த மலைகளில் படிக்கக் கிடைக்கிறது. வெண்புநாட்டுக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளியே அது. அதன் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் தாம் செய்த அறங்களை வட்டெழுத்தில், ஓரிரு வரிகளில், பாறையில் பொறித்துச் சென்றனர். எவருடைய மாணாக்கர், என்ன செய்வித்தார், எவர் பேரால் செய்வித்தார், அதைக் காப்பவர் எவர் என்னும் செய்திகளே அவ்வரிகளில் உள்ளன. மதிப்பெண்ணைத் தேடும் இக்காலத்துக்கு அவ்வறிக்கை சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

பள்ளி என்னும் சொல்

பிள்ளைகள் நாள்தோறும் செல்லும் இடத்தைத் தமிழர் ‘பள்ளி’ என்கின்றனர். அச்சொல்லின் பழைய பொருள் படுக்கை, உறையுள் என்பதாகும். மலைக் குகைகளில் துறவியர்க்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் பள்ளி எனப்பட்டன; அத்துறவியர் தங்கிய இடமும் பள்ளி எனப்பட்டது; அவர்களிடம் பாடம் கேட்க மக்கள் சென்ற இடமும் பின்னர் அப்பெயரையே பெற்றது.

இச்சொல்லின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று மதுரைக்கு அருகிலேயே உள்ளது. மேலூர் வட்டாரத்தில் மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரை ஒட்டிய மாங்குளம் மலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. 1882இல் இராபர்ட் சுவெல் அவற்றைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். கணி நந்தசிரி குவன் என்னும் சமண முனிவர்க்கு, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி பள்ளி அமைத்துக் கொடுத்ததை அவற்றுள் ஒன்று கூறுகிறது. வெள்ளறை ஊரின் வணிகர் குழுவும் அம்மலைக் கொடையில் பங்கு கொண்டது. கிறித்து பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரசனின் அலுவலரும் வணிகரும் கூடி ஒரு முனிவர்க்குப் பள்ளி அமைத்தனர் என்பது இதனால் விளங்கும்.

அதன்பின் மதுரை சமணக் கல்வியின் பெருநிலையமாக வளர்ந்தது. வச்சிரநந்தி முனிவர் இந்நகரில் திரமிள சங்கத்தை நிறுவினார் எனத் தேவசேனர் இயற்றிய ‘தர்சனசாரம்’ கூறுகிறது. அது நிகழ்ந்த ஆண்டு கி.பி. 470 எனக் கணக்கிடுவர். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலை 9ஆம் நூற்றாண்டில், அவனிபசேகரன் என்னும் பாண்டியன் சீமாறன் சீவல்லவன் காலத்தில், புதுப்பித்து முகமண்டபம் எடுத்தவர் இளங்கௌதமர். கல்வெட்டு அவரை மதுரை ஆசிரியர் என்றே குறிக்கிறது. மதுரையின் ஆசிரியர் ஒருவர் தம் ஊரெல்லை கடந்து செய்த பணிக்கு இது சான்று.

குறண்டியின் ஆசிரியப் பரம்பரை

மதுரைக்குத் தெற்கே, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது குறண்டி. அங்குத் திருக்காட்டாம்பள்ளியின் கட்டடம் இன்று நிற்கவில்லை. அப்பள்ளியை அறிய விரும்புவோர் அதன் மாணாக்கர் சென்ற இடங்களுக்கே செல்லுதல் வேண்டும். அவற்றுள் முதன்மையானது மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், கீழக்குயில்குடியில் உள்ள சமணமலை.

அம்மலையில் இரு இடங்கள் சிறப்புடையன. ஒன்று செட்டிப்புடவு. அங்குக் குகையின் வாயிலை ஒட்டி முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரரின் பெரிய திருமேனி உள்ளது. குகையின் உட்புறத்தில் சிங்கத்தின்மீது அமர்ந்து போரிடும் இயக்கியின் உருவமும் தீர்த்தங்கரர் திருமேனிகளும் உள்ளன. மற்றொன்று பேச்சிப்பள்ளம். அங்கு வற்றாச் சுனைக்கு மேலே பாறை முகப்பில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி முதலியோர் திருமேனிகள் ஒரே வரிசையில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழேயும் அருகேயும் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. 1910ஆம் ஆண்டளவில் தொல்லியல் துறையினர் இப்பகுதிக் கல்வெட்டுகளைப் படியெடுத்தனர். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’ 1954இல் வெளிவந்தபோது, இவ்வூர்களின் சமணச் செய்திகள் தமிழ் மக்களிடையே பரவலாயின.

செட்டிப்புடவுப் பெருமானின் கீழுள்ள பொறிப்பு குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் பெயரைத் தாங்கியது. கனகநந்தி படாரர், அபினந்தன படாரர், அவர் மாணாக்கர் அரிமண்டல படாரர், பின்னர் மீண்டும் ஓர் அபினந்தன படாரர் என்று அது பெயர்களை அடுக்குகிறது. திருமேனியைச் செய்வித்தவர் இறுதியில் வரும் அபினந்தனர். தம் பெயர் ஒன்றைச் சொல்வதற்கு அவர் மூன்று பெயர்களை முன்வைத்தார்.

பேச்சிப்பள்ளத்திலும் இம்முறையே காணப்படுகிறது. அப்பள்ளிக்கு உரியவர் குணசேனதேவர். அவர் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர். அவர் மாணாக்கர் குணசேனப் பெரியடிகள். குணசேனதேவரின் மாணாக்கரான தெய்வபலதேவர் வேறொரு திருமேனியைச் செய்வித்தார். மாணாக்கரைக் குறிக்க ‘சட்டன்’ என்னும் சொல்லும் இங்கு வழங்குகிறது. சாத்திரம் பயில்வோரைக் குறிக்கும் வடசொல் தமிழில் திரிந்து வந்த வடிவம் அது.

இவ்விரு பரம்பரைகளிலும் ஒரு செய்தி கருதத்தக்கது. அபினந்தனர்க்குப் பின் அரிமண்டலர், அவர்க்குப் பின் மீண்டும் அபினந்தனர். குணசேனர்க்குப் பின் வர்த்தமானர், அவர்க்குப் பின் மீண்டும் குணசேனர். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் தமிழ்க் குடும்ப வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. இல்லறம் துறந்தோர் பள்ளியையே குடும்பமாகக் கொண்டனர் போலும். அக்குடும்பத்தின் வழிமுறை குருதியால் அமையவில்லை, பாடத்தால் அமைந்தது.

சமணமலையை அடுத்த முத்துப்பட்டிப் பெருமாள்மலையில் குறண்டியின் மற்றோர் ஆசிரியர் வெளிப்படுகிறார். அவர் அஷ்டோபவாசி படாரர். எட்டு நாள் உண்ணாநோன்பு நோற்பவர் என்பது அதன் பொருள். அவருடைய இயற்பெயர் அக்கல்வெட்டுகளில் இல்லை. நோன்பே பெயராக நிலைத்துவிட்டது. அவர் மாணாக்கர் குணசேனதேவர்; அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். அஷ்டோபவாசியின் மற்றொரு மாணாக்கர் மாகணந்திப் பெரியார். இன்றைய தேனி மாவட்டத்து உத்தமபாளையத்திலும் அஷ்டோபவாசிகளின் மாணாக்கர் அரிட்டநேமிப் பெரியார் செய்வித்த திருமேனி உண்டு. மதுரைச் சமவெளியில் தொடங்கிய ஒரு பாடம் மேற்கு மலையடிவாரம் வரை சென்றதை இது காட்டும்.

ஊரார் பேரால்

ஆசிரியர், மாணாக்கர் பெயர்களோடு அப்பொறிப்புகள் நின்றுவிடவில்லை. கனகவீரப் பெரியடிகள் முத்துப்பட்டியில் திருமேனியைச் செய்வித்தது தம் பேரால் அன்று. அமிர்தபராக்கிரமநல்லூர் என்னும் குயிற்குடியின் ஊரார் பேரால் அதனைச் செய்வித்தார். அக்குயிற்குடியே இன்றைய கீழக்குயில்குடி. மாகணந்திப் பெரியார் நாட்டாற்றுப்புறத்து நாட்டார் பேரால் செய்வித்தார். குறண்டியிலிருந்து வந்த துறவியர் தாம் தங்கிய ஊருக்கும் நாட்டுக்கும் அறப்பயனை உரிமையாக்கினர்.

ஊராரும் வாளாவிருக்கவில்லை. பல கல்வெட்டுகள் ‘ரட்சை’ என்னும் சொல்லோடு முடிகின்றன. இத்திருமேனியைக் காக்கும் பொறுப்பு இன்னாருடையது என்பது அதன் பொருள். கனகவீரர் செய்வித்த திருமேனி பள்ளிச் சிவிகையாரின் காவலில் விடப்பட்டது. யானைமலையில் உள்ள சமணத் திருமேனிகளுள் சில நரசிங்கமங்கலத்துச் சபையாரின் காவலில் இருந்தன. நரசிங்கமங்கலம் திருமால் கோயிலைக் கொண்ட பிராமண ஊர். சமயப் பூசல் மிகுந்த காலம் என்று பலரும் கருதும் அந்நூற்றாண்டுகளில், அருகன் திருமேனியைக் காக்கும் கடமையை அச்சபையார் ஏற்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வட்டாரத்தில் திருமேனிகளைச் செய்வித்தவருள் புகழ் மிக்கவர் அச்சணந்தி அடிகள். யானைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், கருங்காலக்குடி, உத்தமபாளையம் எனப் பல இடங்களில் அவர் பெயர் காணப்படுகிறது. அரிட்டாபட்டியில், திருப்பிணையன்மலை என்று அக்காலத்தில் வழங்கிய குன்றில், பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அவர் ஒரு திருமேனியைச் செய்வித்தார்; அது பாதிரிக்குடியாரின் காவலில் விடப்பட்டது. பாதிரிக்குடி என்பது அரிட்டாபட்டியின் பழம்பெயர். இத்துணை இடங்களில் அறம் செய்த அச்சணந்தியின் தாயாரும் மறக்கப்படவில்லை. பேச்சிப்பள்ளத்துத் திருமேனிகளுள் ஒன்று அவர் தாயார் குணமதியார் செய்வித்தது.

குரத்தியரும் சோற்றுக் கொடையும்

பெண்டிர் தாயாராக மட்டும் இக்கல்வெட்டுகளில் வரவில்லை, ஆசிரியராகவும் வருகின்றனர். அவர்களைக் ‘குரத்தியார்’ என்பர். தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் நூற்றுக்கு மேற்பட்ட வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. சங்கக் குரத்திகள், திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் முதலிய பெண் ஆசிரியர்களின் பெயர்களை அங்குக் காணலாம். தச்சர், கொல்லர், குயவர் எனத் தொழில் செய்வோர் பெயர்களும் அங்கு உண்டு. குணசாகர படாரர் முதலிய வைராக்கியர்க்கு உணவளிக்கவும் சித்தாந்தம் உரைக்கவும் அங்கு நிவந்தம் விடப்பட்டது. உணவும் பாடமும் ஒரே கொடையில் இணைந்தன.

பாண்டிய நாட்டுக்கு வெளியே, வந்தவாசி வட்டாரத்து வேடல் கல்வெட்டு இச்செய்தியை மேலும் விளக்கும். முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில் அங்குக் கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியை இருந்தார். அவர் குணகீர்த்தி படாரரின் மாணாக்கி. அவரிடம் பயின்ற மாணாக்கியர் 500 பேர்க்கும் அங்கிருந்த தவப்பெண்டிர் 400 பேர்க்கும் இடையே பிணக்கு ஏற்பட்டது. அப்போது ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து உணவளிப்பதாகப் பொறுப்பேற்றனர். ஒரே இடத்தில் 500 பெண்கள் பயின்றனர் என்பதும், பிணக்கு எழுந்தபோது படிப்பு நின்றுவிடாதபடி ஊர் கைகொடுத்தது என்பதும் இக்காலப் பள்ளிகளுக்கும் பெருமை தரத்தக்க செய்திகளே.

பள்ளிகளின் பொருள்நிலையைப் பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைக் கல்வெட்டு காட்டுகிறது. அது சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, பாண்டியன் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டு எனத் தெளிவான காலக்குறிப்புடையது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் காளத்துச் சாந்திவீரக் குரவர் அங்குப் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து, நாள் வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் அளித்தார். ஒருவர்க்கு நாள்தோறும் சோறு கிடைக்க வேண்டும், அது என்றும் முட்டக் கூடாது என்பதற்காக முதல் வைக்கப்பட்டது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமணர் இளமையிலேயே மனப்பாடம் செய்வர். உணவும் காவலும் பாடமும் நடைமுறையில் எவ்வாறு அளிக்கப்பட்டன என்பதற்குக் குறண்டியும் வேடலும் ஐவர்மலையும் சான்றாகின்றன.

மலையிலிருந்து மனைக்கு

காலப்போக்கில் மலைப் பள்ளிகள் ஒழிந்தன. ஆயினும் பாடம் ஒழியவில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை, குணவீர பண்டிதரின் நேமிநாதம், மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு ஆகியவை சமயம் கடந்து தமிழ் கற்போர் அனைவர்க்கும் பாடநூல்களாயின. 19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு நெட்டுருச் செய்யாமல் தமிழ் பயின்றோர் அரியர். அவற்றை எழுதியோர் எவர் என்பதை அறியாமலே அச்சிறுவர் அவற்றை ஒப்பித்தனர்.

நூல்களின் பொருளைக் காக்கும் பணி தமிழ்ச் சமணக் குடும்பங்களிடம் வந்து சேர்ந்தது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்ற உ. வே. சாமிநாதையர், பல சொற்களுக்கும் மரபுகளுக்கும் விளக்கம் காணாது திகைத்தார். அந்நூலைக் கும்பகோணத்துச் சமணர் தம் இல்லங்களில் வழிவழியாகப் படித்து வருவதை அறிந்து, அவர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். அவருக்கு விளக்கியவர்களுள் சந்திரநாத செட்டியார் குறிப்பிடத்தக்கவர். 1887இல் வெளிவந்த அப்பதிப்பின் பின்னணியில், பள்ளிக் கட்டடமோ பட்டமோ இல்லாமல் வீட்டுக் கூடத்தில் தொடர்ந்த பாடம் இருந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவ்வீடுகளுக்கு மாணாக்கராகச் சென்றார். குறண்டியின் பரம்பரை போலவே, அக்குடும்பங்களிலும் கற்றவர் அடுத்தவர்க்குக் கற்பித்ததனாலேயே அது இயன்றது. ஒரு தலைமுறை அப்பாடத்தை நிறுத்தியிருப்பின், ஐயரின் ஐயங்களைத் தீர்க்க எவரும் இருந்திருக்கமாட்டார்.

இன்றைய ரட்சை

மதுரை மலைகளைக் காத்தவர் எவர் என்னும் வினா இங்கு எழுகிறது. இவ்வூர்களில் சமணக் குடிகள் மறைந்தபின் அத்திருமேனிகள் காவலின்றிக் கிடந்தன என்று எண்ணுதல் பொருந்தாது. செட்டிப்புடவில் அமர்ந்த பெருமானைக் கீழக்குயில்குடி மக்கள் ‘செட்டியார்’ என்று தம்மவராகவே அழைத்தனர். பேச்சிப்பள்ளம் பேச்சியம்மன் பெயரைப் பெற்றது. மலையடிவாரத்தில் ஐயனாரும் கருப்பசாமியும் கோயில் கொண்டனர். அருகே தாமரைக்குளம் உள்ளது. பெயர்கள் மாறின, ஆயினும் மக்கள் அவ்விடங்களைத் தெய்வத்தன்மை உடையனவாகவே கருதி வந்தனர்.

கல்லுடைப்புத் தொழில் பெருகியபோது இக்குன்றுகள் இடருக்குள்ளாயின. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்தது, ஊர்மக்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அக்காலத்தில் தொடங்கிய ‘பசுமை நடை’ என்னும் இயக்கம் சிறுவரையும் பெற்றோரையும் இம்மலைகளுக்கு அழைத்துச் சென்று, கல்வெட்டு அறிஞர்களைக் கொண்டு வரலாற்றை விளக்கி வருகிறது. பள்ளி நிகழ்ந்த பாறையிலேயே மீண்டும் பாடம் நிகழ்கிறது.

அரிட்டாபட்டியின் செய்தி அண்மைக் காலத்தது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் மாங்குளம் மலையை ஒட்டிய மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்க உரிமைக்கான ஏலம் முடிவானது. மேலூர் வட்டார உழவர் எதிர்த்து நின்றனர். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி மக்கள் திரளாக நடந்தனர். ஜனவரி 23 அன்று நடுவண் அரசு அவ்வேலத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அச்சணந்தி தம் திருமேனியைப் பாதிரிக்குடியாரின் காவலில் விட்டு 1,100 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வூரின் இன்றைய மக்களுள் பெரும்பாலோர் அக்கல்வெட்டைப் படித்தறிந்தவர் அல்லர். எனினும் அதில் எழுதப்பட்ட கடமையை அவர்கள் நிறைவேற்றினர்.

தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இவ்வரலாற்றில் உரிமையும் உண்டு, கடனும் உண்டு. பாறைகளை மேலூர் உழவர் காப்பர். பாறையில் உள்ள பெயர்களின் பொருளைக் காக்க வேண்டியவர் அப்பரம்பரையின் வழிவந்தோரே. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைச் சமணமலைக்கு அழைத்துச் சென்று, அபினந்தனர், அரிமண்டலர், மீண்டும் அபினந்தனர் என்று அவர்கள் வாயால் சொல்லச் செய்தல் எளிது. இளையோர்க்குப் பரிசளிக்கும் மேடைகளில் மாணவர் பெயரோடு அவர் ஆசிரியர் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் படித்தலும் எளிதே. கனகவீரப் பெரியடிகள் தம் அறத்தைக் குயிற்குடி ஊரார் பேரால் எழுதுவித்தார். இவ்வாண்டு தேர்ச்சி பெற்ற மாணவ மாணவியர் தாம் கற்றதைத் தம்மின் இளையோர் ஒருவர்க்குக் கற்பிப்பாராயின், குறண்டியின் அறிக்கையில் மேலும் ஒரு வரி சேரும்.

அறம் வளர்க.